மைதானத்தின் ஓரத்தில் காத்திருக்கும் தொழில்

ஓட்டப்போட்டியொன்று முடிவடையும் கணத்தில் மைதானத்திலுள்ள எல்லாக் கண்களும் முதலாவதாக வந்தவரையே நாடிச் செல்கின்றன. முடிவுக் கோட்டுக்கு அருகே மேசையொன்றின் பின்னால் அமர்ந்து அவர் எடுத்த நேரத்தைப் பதிவு செய்பவரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒலிபெருக்கியும் புள்ளிப் பலகையும் இடையில் நின்றுவிடாதபடி வையர்களையும் மின்பிறப்பாக்கியையும் கண்காணித்துக் கொண்டிருப்பவரின் நிலையும் அதுவே. கடமை செவ்வனே நடைபெறும் வரை இவர்கள் இருப்பதே தெரிவதில்லை. எங்கேனும் தவறு நேர்ந்தால் மட்டுமே கூட்டம் இவர்கள் பக்கம் திரும்புகின்றது.

இவ்வாறு கண்ணுக்குத் தெரியாமல் நடைபெறும் இப்பணி இன்று உலகெங்கும் ஒரு தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. கணினி, மின்னியல், வலையமைப்பு ஆகியவற்றில் பெற்ற அறிவை விளையாட்டு விதிகள் பற்றிய அறிவுடன் இணைத்துச் செய்யப்படும் தொழில் இது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் எமது இளைஞர் யுவதிகளுக்கு இத்தொழில் எந்தளவுக்குப் பொருந்தும், அதற்கு வேண்டியவை யாவை, அதனால் எமது சமூகங்களுக்குக் கிடைக்கும் நன்மை யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது மண்ணுக்குப் புதியதல்ல

கைவினை நுட்பமும் விளையாட்டும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது மட்டக்களப்புத் தமிழகத்துக்குப் புதிய செய்தியன்று. கண்ணகி வழிபாட்டோடு இணைந்து வந்த கொம்புமுறி விளையாட்டை எடுத்துக் கொள்வோம். வடசேரி, தென்சேரி என ஊர் இரண்டாகப் பிரிந்து, வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி இழுக்கும் அந்த விளையாட்டில், இழுப்பவர்களின் தோள் வலிமை பாதிதான். உறுதியான மரத்தைத் தேர்ந்தெடுப்பதும், கொம்பைப் பக்குவமாகச் செதுக்குவதும், கயிற்றைப் பிழையின்றிக் கட்டுவதும் மறுபாதி. விளையாட்டு உபகரணத்தை அறிந்தவனுக்கு ஊரில் தனி மதிப்பு இருந்தது.

அண்மைக் காலத்தில் இவ்விரு துறைகளையும் தமது வாழ்க்கையில் ஒன்றாக இணைத்துக் காட்டியவர் அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் அவர்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923ஆம் ஆண்டு பிறந்த இவர், இயேசு சபைத் துறவியாக 1948இல் இலங்கைக்கு வந்தார். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி கூடைப்பந்தாட்டத்தில் நாடறிந்த கல்லூரியாக விளங்கியமைக்கு உழைத்த பயிற்றுநர்களுள் இவர் முக்கியமானவர். அதே வேளை, மட்டக்களப்பில் இயங்கிய கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தின் பணிப்பாளராகவும் இருந்து, பாடசாலைக் கல்வியோடு நின்றுவிட்ட இளைஞர்களின் கைகளில் தொழில் ஒன்றைக் கொடுக்கவும் பாடுபட்டார். தொழிற்கூடமும் கூடைப்பந்தாட்டத் திடலும் அவருக்கு இரு வேறு உலகங்களாகத் தோன்றவில்லை. இரண்டிலும் அவர் வலியுறுத்தியவை பயிற்சியும் ஒழுங்கும் அளவில் பிசகாமையும்தான் என்று கூறுவது மிகையாகாது.

1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் எமது மாவட்டத்தின் இரு சமூகங்களும் மறக்க முடியாத இருண்ட மாதமாகும். அம்மாதம் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்ட அருட்தந்தை ஹேபர்ட்டும் அவருடன் சென்ற தமிழ் இளைஞர் ஒருவரும் வந்து சேரவில்லை. அப்போது அவருக்கு வயது 66. அவர் விட்டுச் சென்ற முன்மாதிரியை மட்டும் எவராலும் காணாமற்போகச் செய்ய முடியாது. மட்டக்களப்பு நகரின் பிரதான மைதானம் அவரது சபையைச் சேர்ந்த மற்றுமொரு அமெரிக்கத் துறவியான அருட்தந்தை ஹெரல்ட் வெபரின் பெயரைத் தாங்கி வெபர் மைதானமாக நிற்கின்றது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

செக்கனின் நூறில் ஒரு பங்கு

விளையாட்டில் தொழில்நுட்பவியலாளரின் பணி ஏன் இவ்வளவு முக்கியமானது? 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டியில் பெண்களுக்கான 200 மீற்றர் ஓட்டத்தை நினைவுபடுத்திப் பார்ப்போம். எமது நாட்டின் சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கன்களில் ஓடி முடித்தார். அவருக்கு முன்னே வந்த பஹாமாஸ் வீராங்கனையின் நேரம் 22.27 செக்கன். முதலிடம் பெற்ற அமெரிக்க வீராங்கனை ஊக்கமருந்து காரணமாகப் பின்னர் பதக்கத்தை இழந்ததையடுத்து, சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே அப்போது எஞ்சிய இடைவெளி செக்கனின் நூறில் ஒரு பங்குதான். அதை மனிதக் கண்ணாலோ விரலாலோ அளக்க முடியாது.

கையால் இயக்கப்படும் கடிகாரத்தின் குறைபாட்டை எளிய கணக்கொன்றால் விளங்கிக் கொள்ளலாம். ஒலி செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் வேகத்திலேயே செல்கின்றது. 100 மீற்றர் ஓட்டத்தில் தொடக்கத் துப்பாக்கியின் ஓசை முடிவுக் கோட்டில் நிற்பவரின் காதை அடைய ஏறத்தாழ 0.3 செக்கன் எடுக்கும். ஆகவேதான் நேரக்காப்பாளர் ஓசையைக் கேட்டுப் பொத்தானை அழுத்தக்கூடாது, புகையைப் பார்த்தே அழுத்த வேண்டும் என்பது விதி. அவ்வாறு செய்தாலும், புகையைக் கண்ட மூளை விரலுக்குக் கட்டளையிடுவதற்குள் சிறிது காலம் கழிந்துவிடும். முடிவுக் கோட்டிலோ ஓடி வருபவரை எதிர்பார்த்து விரல் முந்திக்கொள்ளும். இக்காரணங்களால் கைக்கடிகார நேரம் பெரும்பாலும் உண்மையான நேரத்தை விடக் குறைவாகவே அமைகின்றது.

இதனை ஈடுசெய்யும் பொருட்டு, கைக்கடிகார நேரத்தை மின்னியல் நேரத்துடன் ஒப்பிடும்போது 100, 200 மீற்றர் ஓட்டங்களுக்கு 0.24 செக்கனும், 400 மீற்றருக்கு 0.14 செக்கனும் கூட்டிக் கொள்வது மெய்வல்லுநர் வட்டாரங்களில் வழக்கம். மேலும், கைக்கடிகாரம் 11.01 எனக் காட்டினாலும் அது 11.1 என்றே பதியப்பட வேண்டும். கிராமத்துப் பாடசாலை மாணவனொருவன் 11.0 செக்கனில் ஓடினான் என்று நாம் மகிழ்ந்தாலும், கணக்கில் அது 11.24 ஆகவே கொள்ளப்படலாம். செக்கனுக்குப் பத்து மீற்றர் வேகத்தில் ஓடுபவர் நூறில் ஒரு செக்கனில் பத்துச் சென்ரிமீற்றர் தூரத்தைக் கடந்துவிடுவார். அப்படியானால் 0.24 செக்கன் என்பது இரண்டு மீற்றரிலும் அதிகமான தூரமாகும். ஏழைத் தாய் தந்தையரின் பிள்ளை வருடக்கணக்காக வியர்வை சிந்தி வென்றெடுத்த தூரம் அது.

இத்தகைய பதிவுகளை வைத்தே வலய மட்டத்திலிருந்து மாகாண மட்டத்துக்கும், அங்கிருந்து அகில இலங்கை மட்டத்துக்கும் மாணவர்கள் முன்னேறுகின்றனர். விளையாட்டில் விசேட திறமை காட்டியோருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடும் உண்டு. ஆகவே, மைதானத்து மேசையில் எழுதப்படும் இலக்கமொன்று பிள்ளையொன்றின் எதிர்காலத்தையே தீர்மானிக்கக் கூடியது.

கமரா எவ்வாறு தீர்ப்புக் கூறுகின்றது?

மின்னியல் நேரக்கணிப்பில் தொடக்கத் துப்பாக்கியுடன் உணரியொன்று இணைக்கப்படுகின்றது. வேட்டு எழும் கணத்திலேயே கடிகாரம் தானாக இயங்கத் தொடங்கிவிடும். முடிவுக் கோட்டுக்கு நேரே வைக்கப்படும் கமரா சாதாரண ஒளிப்படக் கமராவைப் போன்று மைதானம் முழுவதையும் படம் பிடிப்பதில்லை. கோட்டின் மீதுள்ள மெல்லிய பட்டையொன்றை மட்டும் செக்கனுக்கு ஆயிரம் தடவைக்கும் மேலாகப் படம் பிடித்து, அவற்றை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்குகின்றது. அவ்வாறு உருவாகும் படத்தில் இடமிருந்து வலமாகச் செல்வது தூரமல்ல, நேரம். ஓட்ட வீரரின் தலையையோ கையையோ காலையோ கணக்கில் எடுக்காது, உடற்பகுதி கோட்டை அடைந்த கணத்தை அப்படத்திலிருந்து வாசித்தறிய வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற கண் தேவை. இயந்திரம் படத்தைத் தரும், வாசிப்பவர் மனிதரே.

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் 100 மீற்றர் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் நோவா லைல்ஸ், ஜமேக்காவின் கிஷேன் தொம்சன் இருவரும் 9.79 செக்கன் என்றே பதிவாகினர். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை வாசித்தபோது லைல்ஸ் 9.784 எனவும் தொம்சன் 9.789 எனவும் தெரியவந்தது. வெறும் 0.005 செக்கன் தங்கப் பதக்கத்தைத் தீர்மானித்தது. ஆனால், அளக்க முடிந்த எல்லாவற்றையும் அளப்பதும் நியாயமாகாது. 1972இல் மியூனிச் ஒலிம்பிக் நீச்சல் போட்டியொன்றில் சுவீடனின் குன்னர் லார்சன் 0.002 செக்கனால் வெற்றிபெற்றார் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. நீச்சல் தடாகத்தின் ஒவ்வொரு ஓடுபாதையும் அத்தனை நுட்பமாக ஒரே நீளத்தில் கட்டப்படுவதில்லை என்பதை உணர்ந்த பின்னர், நீச்சலில் நூறில் ஒரு செக்கனுடன் நிறுத்திக் கொள்வதென விதி மாற்றப்பட்டது. தொழில்நுட்பம் தெரிந்தவர் விதியையும், விதியின் பின்னாலுள்ள நியாயத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

காற்றும் இவ்வாறே. குறுந்தூர ஓட்டத்திலும் நீளம் பாய்தலிலும் பின்னிருந்து வீசும் காற்று செக்கனுக்கு 2.0 மீற்றரிலும் கூடுதலாக இருந்தால் அப்பெறுபேறு சாதனையாக ஏற்கப்படமாட்டாது. கச்சான் வீசும் காலத்தில் வாவிக்கரை மைதானமொன்றில் காற்றுமானி இன்றி எடுக்கப்படும் நேரத்தைப் பற்றி வாசகர்களே முடிவு செய்து கொள்ளலாம்.

தவறுகள் புகட்டும் பாடம்

இத்துறையில் வல்லரசுகளும் தவறியிருக்கின்றன. 1976இல் மொன்றியல் ஒலிம்பிக் போட்டியில் ருமேனியச் சிறுமி நாடியா கொமனேச்சி ஜிம்னாஸ்டிக்கில் முழுமையான பத்துப் புள்ளிகளைப் பெற்றபோது, புள்ளிப் பலகை 1.00 என்றே காட்டியது. பத்துப் புள்ளியை எவரும் பெறக்கூடும் என எண்ணி அப்பலகை அமைக்கப்படவில்லை. 1996இல் அத்லாந்தாவில் பெறுபேறுகளைச் செய்தி நிறுவனங்களுக்கு அனுப்ப அமைக்கப்பட்ட கணினி முறைமை தாமதங்களாலும் பிழைகளாலும் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. 2000இல் சிட்னியில் பெண்கள் ஜிம்னாஸ்டிக் பாய்ச்சல் மேடை ஐந்து சென்ரிமீற்றர் பதிவாகப் பொருத்தப்பட்டிருந்தது. பலர் தடுமாறி விழுந்த பின்னரே அவுஸ்திரேலிய வீராங்கனை ஒருவர் அதைக் கண்டு சுட்டிக்காட்டினார். 2018இல் தென்கொரியாவின் பியொங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவின்போது கணினி வலையமைப்பின் மீது தாக்குதல் நடத்தப்பட்டு, இணையத்தளமும் அனுமதிச் சீட்டு அச்சிடும் வசதியும் செயலிழந்தன. தொழில்நுட்பக் குழுவினர் இரவு முழுவதும் கண்விழித்து மறுநாட் காலைக்குள் அவற்றை மீட்டெடுத்தனர்.

இச்சம்பவங்களில் முதல் மூன்றும் முன்கூட்டியே சோதித்துப் பார்த்திருந்தால் தவிர்க்கப்பட்டிருக்கக் கூடியவை. நான்காவது, ஆயத்தமாக இருந்தமையால் சமாளிக்கப்பட்டது. விளையாட்டு நிகழ்வின் தொழில்நுட்பப் பணி என்பது பெரும்பாலும் முன்னாயத்தப் பணியே என்பதை இவை உணர்த்துகின்றன.

பணியின் இயல்பு

அலுவலகமொன்றில் கணினி பழுதடைந்தால் ஊழியர் காத்திருப்பார். நாளைக்குத் திருத்தலாம் எனவும் கூறலாம். போட்டி மைதானத்தில் அந்த வசதி கிடையாது. துப்பாக்கி வெடித்த பின்னர் ஓட்டத்தை மீளவும் நடத்துமாறு கேட்க முடியாது. ஆகவே, இத்தொழிலில் ஈடுபடுவோர் போட்டிக்கு முன்னைய தினமே மைதானத்துக்குச் சென்று மின் இணைப்பையும் தடங்களையும் பரிசோதிக்கின்றனர். ஒவ்வொரு முக்கியமான கருவிக்கும் மாற்று ஒன்றை வைத்திருக்கின்றனர். மின்சாரம் தடைப்பட்டால் பற்றரியும், கமரா பழுதடைந்தால் கைக்கடிகாரக் குழுவும், கணினி முடங்கினால் எழுதுதாளும் பேனாவும் கைகொடுக்க வேண்டும். மழை, தூசு, கடலும் வாவியும் கலந்த உப்புக் காற்று ஆகியன இணைப்பு முனைகளைத் துருப்பிடிக்கச் செய்வன. எனவே, பாதுகாப்பாகப் பொதி செய்வதும் பழுதின்றித் துடைத்து வைப்பதும்கூட இத்தொழிலின் ஓர் அங்கமாகும்.

போட்டியின்போது செய்ய வேண்டியவை விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடும். எமது பிரதேசத்துக்கு நெருக்கமான கூடைப்பந்தாட்டத்தையே உதாரணமாகக் கொள்வோம். மேசையில் புள்ளி பதிபவர், அவரது உதவியாளர், நேரக்காப்பாளர், 24 செக்கன் கடிகாரத்தை இயக்குபவர் என நால்வர் அமர்ந்திருப்பர். ஆட்டக் கடிகாரத்தில் 0.3 செக்கனோ அதற்கு மேலோ எஞ்சியிருந்தால் மட்டுமே வீரர் எல்லைக்கு வெளியிலிருந்து வரும் பந்தைப் பிடித்து எறிய முடியும் என்பது விதி. 0.2 ஆக இருந்தால் பந்தைத் தட்டிவிட மட்டுமே அனுமதி. கடிகாரத்தை இயக்குபவரின் விரல் ஒரு கணம் பிந்தினால் ஆட்டத்தின் முடிவே மாறக்கூடும். நீண்டதூர வீதியோட்டத்தில் ஓட்டவீரர்களின் இலக்கத் தாளில் சிறு மின்னணுச் சில்லு ஒட்டப்பட்டு, வீதியில் விரிக்கப்பட்ட பாய்களைக் கடக்கும்போது அவர்களின் நேரம் தானாகப் பதிவாகின்றது. உதைபந்தாட்டத்தில் 2014 உலகக் கிண்ணத்தில் கோல்கோட்டுத் தொழில்நுட்பமும், 2018இல் காணொளி உதவி மத்தியஸ்தமும் அறிமுகமாகின. 2022 கட்டார் உலகக் கிண்ணப் பந்தினுள் பொருத்தப்பட்ட உணரி செக்கனுக்கு 500 தடவை தகவல் அனுப்பியது.

போட்டி முடிந்த பின்னரும் பணி முடிவதில்லை. பெறுபேறுகளைச் சரிபார்த்து வெளியிடுதல், ஆட்சேபங்களுக்காகப் படங்களையும் பதிவுகளையும் பாதுகாத்தல், அடுத்த ஆண்டு ஒப்பிடுவதற்காகத் தரவுகளை ஒழுங்குபடுத்தி வைத்தல் ஆகியன எஞ்சியிருக்கும். எமது பாடசாலைகள் பலவற்றில் பழைய சாதனைகள் ஆசிரியர்களின் நினைவிலும் கறையான் அரித்த கொப்பிகளிலும் மட்டுமே உயிர்வாழ்கின்றன என்பது கசப்பான உண்மையாகும்.

இதனால் பிழைக்க முடியுமா?

பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி இது. விளையாட்டு நிகழ்வுகளை மட்டும் நம்பி எமது மாவட்டத்தில் ஒருவர் குடும்பம் நடத்த முடியும் என நாம் கூற முன்வரவில்லை. இத்தொழிலின் பலமே அது இணைத்தொழிலாக இருப்பதில்தான் தங்கியுள்ளது. வார நாட்களில் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் கணினி, வலையமைப்பு, பாதுகாப்புக் கமரா ஆகியவற்றைப் பொருத்திப் பராமரிப்பவர், வார இறுதிகளிலும் விடுமுறைக் காலங்களிலும் விளையாட்டு நிகழ்வுகளுக்குச் சேவை வழங்கலாம். இரண்டுக்கும் தேவையான அடிப்படை அறிவும் கருவிகளும் பெரும்பாலும் ஒன்றே.

எமது பிரதேசத்தின் ஆண்டு நாட்காட்டியைப் பார்ப்போம். ஆண்டின் தொடக்க மாதங்களில் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் வழக்கமாக இடம்பெறுகின்றன. சித்திரைப் புத்தாண்டில் கழகங்களின் விளையாட்டு விழாக்கள். பெருநாட் காலங்களில் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பகுதிகளில் சுற்றுப்போட்டிகள். அதன்பின் வலய, மாகாணப் போட்டிகள். இடையிடையே கிரிக்கெட், கரப்பந்தாட்ட, வலைப்பந்தாட்டப் போட்டிகள். இவற்றை வெளிநாடுகளில் வாழும் எமது உறவுகள் நேரடியாகக் கைத்தொலைபேசியில் காண விரும்புகின்றனர். நேரடி ஒளிபரப்பு ஒன்றே பல இளைஞர்களுக்கு நாட்கூலி தரக்கூடிய வேலையாக மாறியுள்ளது. தெற்கே அறுகம்பையில் 2019இல் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியொன்று நடைபெற்றமை, கிழக்குக் கரையோரம் உலக விளையாட்டு வரைபடத்தில் இடம்பெறக்கூடியது என்பதைக் காட்டியது.

மத்திய கிழக்கையும் மறந்துவிட முடியாது. எமது பிரதேசத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் சாரதிகளாகவும் கட்டடத் தொழிலாளர்களாகவும் வீட்டுப் பணிப்பெண்களாகவும் அங்கு செல்கின்றனர். 2022இல் எட்டு மைதானங்களில் 64 போட்டிகளை நடத்திய கட்டார், 2030 ஆசிய விளையாட்டுப் போட்டிகளையும் டோஹாவில் நடத்தவுள்ளது. 2034 உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் சவூதி அரேபியாவுக்கு வழங்கப்பட்டுள்ளது. அம்மைதானங்களைக் கட்டும் வெயிலில் நிற்பதற்கு மட்டுமா எமது பிள்ளைகள் செல்ல வேண்டும்? கட்டி முடித்த மைதானங்களின் கட்டுப்பாட்டு அறைகளிலும் அவர்கள் அமரலாம். அதற்குச் சான்றிதழும் அனுபவமும் ஆங்கில அறிவும் வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு பெறாத முகவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதிருக்கும் விழிப்பும் வேண்டும்.

தகைமை பெறும் வழி

உயர்தரத்தில் தொழில்நுட்பத்துறை 2013இல் அறிமுகப்படுத்தப்பட்டது. அதனைக் கற்ற மாணவர்கள் மட்டுமன்றி, சாதாரண தரத்துடன் நின்றவர்களும் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகார சபை ஆகியவற்றினூடாகத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற முடியும். ஏழு மட்டங்களைக் கொண்ட அம்முறைமையில் முதல் நான்கும் சான்றிதழ் மட்டங்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். கணினி வன்பொருள், வலையமைப்பு, மின்னியல் ஆகியவற்றுள் ஒன்றில் நான்காம் மட்டத்தை எட்டுவது நல்ல அடித்தளமாகும்.

ஆனால், அது பாதி வழி மட்டுமே. மறுபாதி விளையாட்டு விதி. தமக்கு விருப்பமான விளையாட்டின் மத்தியஸ்தர் அல்லது மேசை அலுவலர் பயிற்சியில் கலந்துகொண்டு, பரீட்சைக்கும் தோற்ற வேண்டும். விதி தெரியாத தொழில்நுட்பவியலாளர் மைதானத்தில் வெறும் வையர் இழுப்பவராகவே கருதப்படுவார். தொழில்நுட்பம் தெரியாத மத்தியஸ்தர் இயந்திரம் சொல்வதைக் கேள்வியின்றி நம்புபவராகிவிடுவார். இரண்டையும் அறிந்தவர் தேடப்படுபவராவார்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று மனந்தளர வேண்டியதில்லை. இன்றைய கைத்தொலைபேசிகள் பல செக்கனுக்கு 240 படங்கள் வீதம் காணொளி எடுக்கின்றன. அடுத்தடுத்த இரு படங்களுக்கிடையேயான இடைவெளி ஏறத்தாழ 0.004 செக்கன் மட்டுமே. முடிவுக் கோட்டுக்கு நேரே, உயரமான இடத்தில், அசையாதபடி அதனைப் பொருத்தினால் யார் முந்தினார் என்ற ஐயத்தைத் தீர்க்க அது உதவும். உத்தியோகபூர்வ நேரமாக அது ஏற்கப்படாது எனினும், பழகுவதற்கு அதுவே போதுமான பாடசாலையாகும்.

பெண்களுக்குத் திறந்துள்ள கதவு

இத்துறையில் பெண்களுக்கான இடம் தனியாகக் குறிப்பிடப்பட வேண்டியதாகும். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தலையை மறைக்கும் ஆடைக்கு அனுமதி மறுக்கப்பட்டமையால் கட்டார் பெண்கள் கூடைப்பந்தாட்ட அணி விளையாடாமலே வெளியேறியது. உதைபந்தாட்டத்தில் அதே ஆண்டிலும், கூடைப்பந்தாட்டத்தில் 2017இலும் அத்தடை நீக்கப்பட்டது. முஸ்லிம் பெண் பிள்ளைகள் விளையாட்டுக்கு வருவதற்கு இதனால் தடையொன்று அகன்றது. பெண்கள் மட்டும் பார்வையாளராக இருக்கும் போட்டிகளை நடத்த விரும்பும் பாடசாலைகளுக்கு, புள்ளி பதியவும் நேரம் கணிக்கவும் கமரா இயக்கவும் பெண்களே தேவைப்படுகின்றனர். கணினிக் கல்வி கற்றும் வீட்டிலிருக்கும் யுவதிகளுக்கு, தமிழர் முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி, கௌரவமான பணி இது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, இப்பணியை இலவச உதவியாகக் கருதும் மனப்பான்மை மாற வேண்டும். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வாடகை கொடுக்கும் ஏற்பாட்டுக் குழு, இரவு பகலாக உழைத்த தொழில்நுட்ப இளைஞனுக்கு ஒரு சாப்பாட்டுப் பொதியுடன் நன்றி கூறி அனுப்புவது முறையாகாது. விழாவின் வரவு செலவுத் திட்டத்தில் இதற்கெனத் தனி வரி எழுதப்பட வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு பாடசாலையும் தனித்தனியே கருவி வாங்குவது இயலாத காரியம். வலயக் கல்விப் பணிமனைகளும் உள்ளூராட்சி மன்றங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஒன்றிணைந்து, பொதுவான நேரக்கணிப்புக் கருவித் தொகுதியொன்றை வாங்கிச் சுழற்சி முறையில் பயன்படுத்தலாம். படுவான்கரைப் பாடசாலைகளுக்கு அதில் முன்னுரிமை வழங்கப்பட வேண்டும். வாவிக்கு அப்பால் இருப்பதாலேயே அங்குள்ள பிள்ளையின் நேரம் பிழையாகப் பதியப்படுவது நீதியன்று.

மூன்றாவதாக, கருவியை இயக்கும் குழு இரு சமூகத்தவரையும் கொண்டதாக அமைய வேண்டும். இதனை நாம் அலங்காரத்துக்காகக் கூறவில்லை. ஊர்களுக்கிடையேயான போட்டியில் முடிவு பற்றி ஐயம் எழுந்தால், மைதானத்துச் சச்சரவு ஊர்ச் சச்சரவாக மாறுவதற்கு அதிக நேரம் செல்வதில்லை. இரு தரப்பாரும் அமர்ந்திருக்கும் மேசையில், எவரும் பார்க்கக்கூடிய படத்தை வைத்துத் தீர்ப்பு வழங்கப்படுமானால், தோற்ற அணியும் அதை ஏற்றுக்கொண்டு வீடு திரும்பும். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான எமது வாவியின் நீரை இரு சமூகத்தவரும் பகிர்ந்தே வாழ்கின்றோம். ஒரே கடிகாரத்தையும் இருவரும் நம்பிப் பழகுவது அதனிலும் கடினமான காரியமன்று.

அருட்தந்தை ஹேபர்ட் போன்றோர் அயல்தேசத்திலிருந்து வந்து எமது பிள்ளைகளுக்குத் தொழிலையும் விளையாட்டையும் சேர்த்தே கற்றுக் கொடுத்தனர். அப்பணியைத் தொடர்வதற்கு இனியும் வெளியிலிருந்து எவரும் வரவேண்டும் எனக் காத்திருக்கத் தேவையில்லை. அறிவுள்ள இளைஞர்கள் எம்மிடம் இருக்கின்றனர், மைதானங்கள் இருக்கின்றன, ஓடுவதற்குப் பிள்ளைகளும் இருக்கின்றனர். அவர்கள் ஓடிய நேரத்தைச் சரியாக எழுதுவதற்கு ஒரு மேசையையும் அதற்குரிய மரியாதையையும் ஏற்படுத்திக் கொடுப்பது எமது பொறுப்பாகும்.